நூற்றுக்கு நான்கு

எங்கள் கரையில் யாராவது செத்துப்போனால், அதைப் பிரபாசன் வாயால் கேட்ட பிறகுதான் ஊர் நம்பும். அடுத்த வீட்டுச் சாவாகவே இருக்கட்டும், அழுகைச் சத்தம் நேராகக் காதில் விழுந்திருக்கட்டும். அவன் ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு வந்து பெயர், வீட்டுப்பெயர், வயது, எரிக்கிற நேரம் என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனால்தான் பெண்கள் அடுப்பைத் தணித்து, முகம் கழுவிக்கொண்டு கிளம்புவார்கள். உற்சவம், லாட்டரி, தொலைந்துபோன பசு, ரேஷன் கடைக்கு வந்த மண்ணெண்ணெய், எல்லாவற்றுக்கும் அந்த ஒரே குரல்தான். கத்தவே மாட்டான். பக்கத்தில் உட்கார்ந்து நமக்கு மட்டும் சொல்வதுபோல் இருக்கும்.

அவனும் முன்பு காயலில் கக்கா வாருகிறவன்தான். கக்கா என்பது காயலின் அடிமண்ணில் புதைந்து கிடக்கிற கருப்புச் சிப்பி. இறைச்சி சோற்றுக்கு, ஓடு சுண்ணாம்புக்கு. நீளக் கழியின் நுனியில் இரும்புப் பல்லும் வலைப்பையும் கட்டிய வாரியை வள்ளத்திலிருந்து இறக்கி, அடியைச் சுரண்டி எடுப்பார்கள். ஆழம் குறைந்த இடமென்றால் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, காலால் தடவிப் பார்த்து, முங்கி அள்ளுவார்கள். பிரபாசன் முங்குகிறவன். ஒரு மழைக்காலத்தில் வலது காதில் சீழ் பிடித்து, இனிமேல் தலை நனையவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதோடு அவன் கரையேறினான். வள்ளத்தையும் வாரியையும் அவன் பெண்டாட்டி சௌமினி எடுத்துக்கொண்டாள்.

அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். அங்கே கரண்டி விழுந்தால் இங்கே கேட்கும். விடியும்போது சௌமினியும் அவளோடு வள்ளம் தள்ளுகிற லீலாமணியும் கிளம்புவார்கள். வெயில் உச்சிக்கு வருமுன் திரும்புவார்கள். வந்த ஈரத்தோடு அடுப்பில் தென்னை மட்டையைச் செருகி, பெரிய அலுமினிய அண்டாவில் கக்காவைக் கொட்டி அவிப்பார்கள். வாய் திறந்ததும் சல்லடையில் போட்டு இரண்டு கையாலும் சுழற்ற, இறைச்சி கீழே உதிரும், ஓடு மேலே நிற்கும். வெளியூரிலிருந்து உறவு வந்தால் அந்த நாற்றத்துக்கு மூக்கைப் பிடிப்பார்கள். எங்களுக்கு அது வந்தால்தான் பசிக்கும்.

கக்காக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குஞ்சுச் சிப்பிகள் மண் பிடிக்கிற காலத்தில் எல்லா வள்ளமும் சேர்ந்து போய், கக்கா கிடக்கிற இடத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, கமுகுக் குச்சி நட்டு, குச்சிக்குக் குச்சி தென்னங்கீற்றைக் கட்டிவிட்டு வருவார்கள். மழை ஓய்ந்து குஞ்சு பெருக்கிற வரை அதற்குள் யாரும் வாரியை இறக்கமாட்டார்கள். இதற்குச் சட்டம் கிடையாது, காவலும் கிடையாது. வீட்டில் அடுப்பு எரியாத அன்றைக்கும் கீற்றைத் தாண்டமாட்டார்கள். இந்த நல்ல வழக்கம்தான் எங்களைக் கவிழ்த்தது.

சட்டசபைத் தேர்தல் வந்த வருஷம். பங்குனி வெயிலில் தண்ணீரே கொதிப்பதுபோல் கிடந்தது. பிரபாசன் கட்சி ஆபீசிலிருந்து வாசிக்க வேண்டிய காகிதத்தோடு வந்து, அவிக்கிற இடத்தில் குந்தினான். நான் வாய்க்காலின் இந்தப் பக்கம் கொடுவாளைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"காயல்ல சூரியத் தகடு மிதக்க விடப்போறாங்களாம், கரண்டு எடுக்க" என்றான்.

"காயல்லயா?" சௌமினி சல்லடையை நிறுத்தவில்லை. "எவ்வளவு இடத்துல?"

"நூத்துக்கு நாலு."

"எந்தப் பக்கம்?"

"பக்கமெல்லாம் போடல. காயலோட மொத்தப் பரப்புல நூத்துக்கு நாலுன்னு போட்டிருக்கு. நாலுங்கறத அழுத்திச் சொல்லணுமாம்."

லீலாமணி கால் நீட்டி உட்கார்ந்து இறைச்சியிலிருந்து மண்ணைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். "அந்தக் கரண்டு வந்தா சேச்சி வீட்டு மிக்ஸி ஒழுங்கா ஓடுமா சேட்டா? இல்ல இப்ப மாதிரி என் நாத்தனார் கணக்கா முனகிட்டே கிடக்குமா?"

"ஓடும் ஓடும். உன் நாத்தனாரும் ஓடிருவா."

"அப்ப ஓட்டு உங்களுக்குத்தான்."

சௌமினி யோசனையில் இருந்தாள். "நாம குஞ்சுக்கு விடுறது பத்துல ஒண்ணு, இல்லியா?"

"ஆமா."

"அப்ப நூத்துக்குப் பத்து. வாயில்லாத குஞ்சுக்கே பத்து விடுறோம். கவர்மெண்டுக்கு நாலு விட்டா என்ன குறைஞ்சா போவும்?"

பிரபாசன் காகிதத்தை மடக்கினான். "அதை இன்னொரு தடவை சொல்லுடி."

"எதை?"

"அந்தப் பத்தும் நாலும்."

அவள் சொன்னாள். அவன் உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தான். நல்ல வாக்கியம் கிடைத்தால் அவன் முகத்தில் ஒரு களை வரும். அன்றைக்கு வந்தது.

மறுநாள் பிரபாசனை ஏற்றிக்கொண்டு கட்சி ஜீப் கரையோரச் சாலையில் மெல்லப் போயிற்று. "என் பிரியப்பட்ட கக்காத் தொழிலாளிகளே, குஞ்சுச் சிப்பிக்காக நீங்களே நூற்றுக்குப் பத்து விட்டுக்கொடுக்கிறீர்கள். யாரும் கேட்காமல் விட்டுக்கொடுக்கிறீர்கள். இன்று நாடு உங்களிடம் கேட்பது நூற்றுக்கு நான்கு. நான்கே நான்கு." கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்த சௌமினிக்கு அது கேட்டிருக்கிறது. "அது நான் சொன்னதுடி" என்று லீலாமணியிடம் பெருமைப்பட்டாளாம். லீலாமணியே எங்களிடம் வந்து சொன்னாள். வள்ளக்காரர்கள் எல்லாருக்கும் அந்தப் பேச்சு பிடித்துப்போனது. விட்டுக்கொடுக்கிறவர்கள் என்று ஒருத்தன் மைக்கில் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது?

கட்சியின் வட்டாரச் செயலாளர் விஜயப்பனுக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. விஜயப்பன் கெட்டவன் இல்லை. வெள்ளம் வந்தபோது எங்களையெல்லாம் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவன். அவன் பிரபாசனை ஆலப்புழைக்குக் கூட்டிப்போய், கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து அந்தப் பேச்சைப் பதிவு பண்ணினான். அதற்குப் பிறகு தொகுதி முழுக்க எல்லா ஜீப்பிலும் பிரபாசனின் குரல்தான் ஓடியது. வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டே அவன் தன் குரல் ரோட்டில் போவதைக் கேட்பான். "இங்க ஒரு மூச்சு விட்டிருக்கலாம்" என்று தானே குறை சொல்லிக்கொள்வான்.

நடுவில் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்றும் நடந்தது. வாசகசாலையில், வேலை நாளில், காலை பத்து மணிக்கு. அந்த நேரம் கக்காக்காரர்கள் தண்ணீரில் நிற்பார்கள் என்பது எங்கள் ஊர் நாய்க்கும் தெரியும். நான் போயிருந்தேன். நாற்காலியெல்லாம் காலி. பத்துப் பேர் இருந்திருப்போம். படகுவீடு வைத்திருப்பவர்கள், கடைக்காரர்கள், ரிட்டயரான இரண்டு வாத்தியார்கள். ஆதரிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். எட்டுக் கை உயர்ந்தது. நான் தூக்கவில்லை. எதிர்த்துப் பேசுகிற அளவுக்கு விஷயமும் எனக்குத் தெரியாது. அன்று சாயந்திரமே, "கரை மக்களில் எண்பது சதவிகிதம் பேர் ஆதரவு" என்று பிரபாசன் சொல்லிக்கொண்டு போனான்.

லீலாமணி சௌமினியிடம் கேட்டாள். "சேச்சி, நான் அந்த எண்பதுல இருக்கேனா, மிச்ச இருபதுல இருக்கேனா?"

"ரெண்டுலயும் இல்லடி. நாம தண்ணியில இருந்தோம்."

அன்றைக்கு அதைச் சொல்லி இருவரும் சிரித்தார்கள்.

தேர்தல் முடிந்தது. விஜயப்பனுடைய ஆள் ஜெயித்தார். எங்கள் கரையில் ஓட்டு மலையாய் விழுந்தது. மழை வந்தது, குஞ்சு பெருத்தது, கமுகுக் குச்சிகளைப் பிடுங்கினார்கள். அதற்குப் பிறகு ஒரு காலையில் சௌமினியின் வள்ளம் போன சுருக்கில் திரும்பிவந்தது. வாய்க்காலில் தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்டு நான் எட்டிப் பார்த்தேன். வள்ளத்தில் ஒன்றுமே இல்லை. வாரி காய்ந்து கிடந்தது.

"என்ன சேச்சி, உடம்புக்கு முடியலையா?" என்றேன்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. தூண் நட்டிருக்காங்க."

"எங்க?"

அவள் குனிந்து வள்ளத்தைக் கட்டினாள். லீலாமணிதான் சொன்னாள். "எங்கயா? நான் நிக்கிற இடத்துல ஒண்ணு, சேச்சி நிக்கிற இடத்துல ஒண்ணு. வடக்கே மரத்துறைக்கு எதிர்ல தொடங்கி தெக்கே சர்ச்சு நேரா வரைக்கும் வரிசையா சிமெண்டுத் தூணு. கயிறு கட்டியாச்சு. உள்ள போனா கேசாம். கக்கா கிடக்கிற மண்ணு எல்லாம் உள்ள."

"எல்லாமா?"

"தெக்கு மூலையில ஒரு துண்டு வெளிய கிடக்கு. கரையில இருக்கிற வள்ளம் அத்தனையும் அங்க முட்டிட்டு நிக்குது. பஸ் ஸ்டாண்டு தோத்துப்போவும்."

பிறகுதான் எல்லாருக்கும் விளங்கியது. காயல் பெரிசு. அதில் பாதிக்கு மேல் சேற்று ஆழம். நடுவில் போட் போகிற வழி. கிழக்கே பாசி மூடிக் கிடக்கிறது. மணல் தோண்டிய பள்ளங்கள் வேறு. அங்கெல்லாம் தூண் நிற்காது. நின்றாலும் செலவு தாங்காது. கெட்டியான மணல் அடியும் ஆள் நிற்கிற ஆழமும் இருக்கிற இடம் கரையோரம் மட்டும்தான். கக்காவுக்கும் அதே இடம்தான் வேண்டும். காயலை நூறு பங்கு வைத்தால் கக்கா இருக்கிற இடம் ஐந்து பங்கு இருந்தாலே பெரிய காரியம். அந்த ஐந்தில்தான் நான்கு போயிருக்கிறது. நாங்கள் பத்தில் ஒன்று விட்டது அந்த ஐந்துக்குள். அவர்கள் நூற்றுக்கு நான்கு என்றது மொத்தக் காயலில். இரண்டையும் ஒரே தராசில் போட்டது சௌமினி. அதை ஊருக்குச் சொன்னது பிரபாசன்.

அன்று மத்தியானம் அடுப்பு எரியவில்லை. பிரபாசன் வந்தபோது அவள் சல்லடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"சேட்டா, எந்தப் பக்கம்னு நான் கேட்டேன்ல?"

"கேட்ட."

"காகிதத்துல இல்லன்னீங்க."

"இல்லதான்."

"இல்லைன்னா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"யாருகிட்ட?"

"யாருகிட்டயாவது." அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக்கூட நிம்மதியாக இருந்திருக்கும். "நானும்தான் கேட்டுட்டு விட்டுட்டேன். பெரிய புத்திசாலி மாதிரி கணக்கு வேற போட்டேன்."

லீலாமணி அப்படி விடுகிற ஆள் இல்லை. "சேட்டா, ஒண்ணு கேக்கட்டா? உங்க உடம்புல கண்ணு எத்தனை பங்கு இருக்கும்? நூத்துல ஒரு பங்கு வருமா?"

"வராது."

"அப்ப ரெண்டையும் தோண்டி எடுத்துட்டு, நூத்துல ஒரு பங்குகூட எடுக்கலன்னு நான் மைக்குல சொன்னா, அது பொய்யா?"

பிரபாசன் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு விஜயப்பனைப் பார்க்கப் போனான். தனியாகப் போகத் தெம்பில்லாமல் என்னையும் கூப்பிட்டான்.

விஜயப்பன் கட்சி ஆபீசில் பனியனோடு உட்கார்ந்து பாலில்லாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தான். எங்களுக்கும் வரவழைத்தான். பிரபாசன் விஷயத்தைச் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். ஏற்கெனவே பல பேர் வந்து போயிருக்க வேண்டும். அவனும் அலுத்துப்போயிருந்தான்.

"பிரபாசா, நாம ஒரு பொய் சொல்லல. அதை முதல்ல மனசுல வச்சுக்கோ. காயலை அளந்தாச்சு. எடுத்தது நாலு. நாலேகால்கூட இல்ல. வேணும்னா நீயே அளந்து பாரு."

"கக்கா கிடக்கிற இடத்துல எத்தனை, சேட்டா?"

"அந்தக் கணக்கை யாரும் எடுக்கல."

"ஏன் எடுக்கல?"

"யாரும் கேக்கல." விஜயப்பன் கிளாஸைக் கீழே வைத்தான். "எனக்கும் மேலேருந்து காகிதம்தான் வந்துச்சு. நூத்துக்கு நாலுன்னு பார்த்ததும் எனக்கும் சின்ன விஷயமாத்தான் பட்டுச்சு. உனக்கும் அப்படித்தானே? நீதானே அந்தப் பத்தைக் கொண்டுவந்து சேத்த. அதுக்கு முன்னாடி பாதிப் பேர் யோசிச்சுட்டு இருந்தாங்க."

பிரபாசன் சாயாவைத் தள்ளி வைத்தான்.

"வருத்தப்படாத. இதுல வேலை இருக்கு. நம்ம கரையில காவல் வேலை நூறு சதவிகிதம் கூடுதுன்னு அடுத்த நோட்டீஸ்ல வருது."

நான் கேட்டேன். "நூறு சதவிகிதம்னா எத்தனை பேரு?"

"இப்ப மதகு ஷட்டர்ல காவலுக்கு ஒருத்தன் இருக்கான். இன்னொருத்தன் போடுவாங்க." சொல்லும்போது விஜயப்பன் என்னைப் பார்க்கவில்லை. "அந்த இன்னொண்ணை உனக்கே வாங்கித் தரேன், பிரபாசா. காது நனையாது. குடையும் டார்ச்சும் கவர்மெண்டு தரும். கயித்தைத் தாண்டி வள்ளம் வராம பாத்துக்கணும். அவ்வளவுதான்."

திரும்பி வரும்போது மழை தூறியது. பிரபாசன் வலது காதில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு நடந்தான். வீட்டுக்கு வந்து காவல் வேலையைப் பற்றிச் சொன்னான். மறைக்கிற பழக்கம் அவனுக்கில்லை. சௌமினி மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள்.

"கயித்தைத் தாண்டி யார் வருவா?" என்றாள்.

"யாராவது."

"நான்தான் வருவேன். வேற யார் வரப்போறா? விசில் தருவாங்களா?"

"தருவாங்களா இருக்கும்."

"ஊதுவீங்களா?"

அவன் கிழங்குத் தோலைப் பொறுக்கி வாய்க்காலில் போட்டான். "வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றான். அவன் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. யோசிச்சுச் சொல்றேன் என்றுதான் சொன்னான். மறுநாள் காலையில் போய், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான். காவல் வேலை தெற்குக் கரையில் ஒருவனுக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றிச் சொல்ல எனக்கே அலுப்பாக இருக்கிறது. வெளியே விட்ட துண்டு இடத்தில் எல்லா வள்ளமும் சேர்ந்து வாரியதில், பெரிய கக்கா தீர்ந்து, விரல்நகம் அளவுக் குஞ்சு வரத் தொடங்கியது. அதையும் அள்ளினார்கள். கீற்றுக் கட்டி ஒதுக்குகிற காலம் வந்தபோது ஒருவரும் குச்சி வெட்டப் போகவில்லை. பத்தில் ஒன்று ஒதுக்க எது மிச்சம்? சல்லடையில் போட்டுச் சுழற்றினால் அந்தக் குஞ்சு ஓட்டோடு சேர்ந்தே கண்ணி வழியே விழுந்தது. சௌமினி அதைக் கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து பிரபாசனும் பிரித்தான். இருவரும் பேசிக்கொள்வது குறைந்தது. சண்டை ஒன்றும் இல்லை. பேசுவதற்குத் தெம்பில்லை.

ஊர் அவனை விடவில்லை. சாயாக்கடையில் அவன் நுழைந்தால், "நாலு வந்தாச்சு" என்பார்கள். சர்க்கரை எவ்வளவு போட என்று கடைக்காரன் கேட்பான். "நூத்துக்கு நாலு போடு" என்று பெஞ்சிலிருந்து ஒருத்தன் பதில் சொல்வான். பிரபாசனும் சிரித்துவைப்பான். அது சகித்துக்கொள்ளக் கூடியதுதான். சகிக்க முடியாதது பிறகு வந்தது.

கறுத்தகுஞ்ஞு செத்துப்போனார். எங்கள் கரையின் மூத்த முங்குகாரர். பிரபாசனுக்கு முங்கக் கற்றுக்கொடுத்தவர். செய்தி தெரிந்ததும் பிரபாசன் வெள்ளைச் சட்டை போட்டு, ஆட்டோவை வரவழைத்து, ஒலிபெருக்கியைக் கட்டினான். எரிக்கிற நேரம் கேட்க வீட்டுக்குப் போனான். செத்தவரின் மகள் சுலோசனா வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"சேட்டன் வந்ததுக்குச் சந்தோஷம். உள்ள வந்து அச்சனைப் பாருங்க. ஆனா அனௌன்ஸ்மெண்ட் வேண்டாம். வடக்கேயிருந்து வேற ஆளைச் சொல்லியிருக்கோம்."

"ஏன் மோளே?"

அவள் தரையைப் பார்த்தாள். "நீங்க சொன்னா எல்லாரும் நம்புவாங்க. அந்த நாலையும் அப்படித்தானே நம்பினோம்."

அவன் உள்ளே போய்ப் பிணத்தின் காலைத் தொட்டுவிட்டு வந்தான். ஆட்டோக்காரனிடம் ஒலிபெருக்கியைக் கழற்றச் சொன்னான். வடக்கிலிருந்து வந்தவன் வீட்டுப்பெயரைத் தப்பாகச் சொல்லிக்கொண்டு போனான். பாதி ஊர் வேறு யாரோ செத்தார்கள் என்று வீட்டிலேயே இருந்துவிட்டது. பிரபாசன் எங்கள் வாசலில் உட்கார்ந்து அதைக் கேட்டான். அவன் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. விஜயப்பன் ஆள் அனுப்பினான். தொண்டை சரியில்லை என்று பிரபாசன் சொல்லி அனுப்பினான். விஜயப்பன் நேரிலேயே வந்தான். "இந்தத் தடவை ஒரே வரிதான், பிரபாசா. சொன்னதைச் செய்தோம், மீதித் தொண்ணூற்றாறும் உங்களுக்கே. இதைச் சொன்னாப் போதும்" என்றான். பிரபாசன் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை அசைத்தான். விஜயப்பன் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டான். வற்புறுத்தவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

அதே வாரம் லீலாமணி இறால் உரிக்கிற ஷெட்டுக்கு வேலைக்குப் போனாள். விடிகாலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். போகிற முதல் நாள் சௌமினியிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். "ஐஸ்ல கை வச்சுக்கிட்டே நிக்கணுமாம் சேச்சி. தண்ணி நம்மள விடாது போல" என்றாள். சௌமினி அவள் கையைப் பிடித்துக்கொண்டு வேன் வரை கூட நடந்தாள்.

வள்ளத்துக்கு ஒரு ஆள் குறைந்தது. துண்டு இடத்தில் குஞ்சும் தீர்ந்தது. "வெளிக் காயல்ல பாத்துட்டு வருவோம்" என்று சௌமினி சொன்னாள். பிரபாசன் காதில் பஞ்சு அடைத்து, மேலே மெழுகு தடவி, தலைக்குத் துண்டு கட்டினான். அவன் துடுப்புப் பிடித்து வெகுகாலம் ஆகியிருந்ததால் வலிப்பதற்கு நானும் ஏறினேன். ஒரு தூக்கில் கஞ்சியும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலும் சௌமினி வைத்திருந்தாள்.

கயிற்றை ஒட்டிப் போனோம். உள்ளே கருப்புத் தகடுகள் வெயிலை வாங்கிக்கொண்டு கிடந்தன. காவல்காரன் குடைக்குள்ளிருந்து எங்களைப் பார்த்தான், கையை லேசாகத் தூக்கினான். அவனும் கக்காக்காரன் மகன்தான். சௌமினியும் கை தூக்கினாள்.

தகடுகளைத் தாண்டியதும் காயல் விரிந்தது. கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர். ஒரு வள்ளமும் இல்லை. பிரபாசன் எழுந்து நின்று வாரியை இறக்கினான். கழி போயிற்று, போயிற்று, அவன் கைப்பிடி வரை போயிற்று. குனிந்து தோள் நனைகிற வரை இறக்கினான். அடி தட்டவில்லை.

"இன்னொரு கழியைச் சேத்துக் கட்டுங்க" என்றாள் சௌமினி.

கட்டினோம். இந்தத் தடவை எதிலோ மெத்தென்று புதைந்தது. மூன்று பேருமாக இழுத்தோம். வலைப்பையில் கருப்புச் சேறு வந்தது. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் செருப்பு. சௌமினி சேற்றைக் கையால் துழாவிப் பார்த்தாள். பழைய ஓடு ஒன்றுகூட இல்லை. பையைத் தண்ணீரில் அலசிவிட்டு, "இன்னும் கொஞ்சம் தள்ளி" என்றாள்.

தள்ளிப் போனோம். அங்கேயும் சேறுதான். இன்னொரு இடத்தில் கட்டிய கழிகள் இரண்டும் முழுக்க இறங்கியும் ஒன்றும் தட்டவில்லை. பிரபாசன் அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்தான். இழுத்தால் கனம், விட்டால் கழி போய்விடும்.

அப்போதுதான் கரைப்பக்கமிருந்து சத்தம் வந்தது. தண்ணீர் மேல் குரல் நன்றாக நடக்கும். "என் பிரியப்பட்ட கக்காத் தொழிலாளிகளே, குஞ்சுச் சிப்பிக்காக நீங்களே நூற்றுக்குப் பத்து விட்டுக்கொடுக்கிறீர்கள். யாரும் கேட்காமல் விட்டுக்கொடுக்கிறீர்கள். இன்று நாடு உங்களிடம் கேட்பது நூற்றுக்கு நான்கு. நான்கே நான்கு." கண்ணாடி அறையில் பதிவு பண்ணிய பழைய பேச்சு. அது முடிந்ததும் வேறு ஒருவன், இளவயசுக் குரல், "சொன்னதைச் செய்தோம். மீதித் தொண்ணூற்றாறும் உங்களுக்கே" என்றான். மறுபடியும் பிரபாசனின் குரல் முதலிலிருந்து தொடங்கியது. விஜயப்பன் ஏன் வற்புறுத்தவில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது.

பிரபாசன் தலையைச் சாய்த்து நல்ல காதைத் தோளில் அழுத்திக்கொண்டான். இரண்டு கையும் கழியில் இருந்ததால் வேறு வழியில்லை. சௌமினி முழங்காலால் நகர்ந்து போய், அவன் கையிலிருந்து கழியை வாங்கிக்கொண்டாள். அவன் கையால் காதைப் பொத்தினான்.

அவள் கரையைப் பார்த்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள்.

"குரல்ல ஒரு குறையும் இல்ல, சேட்டா" என்றாள். "இப்பக்கூட எனக்கு நம்பத்தான் தோணுது."

ஜீப் வளைவில் திரும்பிச் சத்தம் தேய்ந்தது. அவள் கழியை வள்ளத்துக்குள் இழுத்துப்போட்டாள். கஞ்சித் தூக்கைத் திறந்து முதலில் அவனுக்குக் கொடுத்தாள், பிறகு எனக்கு. குடித்து முடித்ததும் நான் துடுப்பை எடுத்தேன்.

"எந்தப் பக்கம் வலிக்கட்டும், சேச்சி?"

"எந்தப் பக்கமா இருந்தா என்ன" என்றாள். "எல்லாம் நம்மளோடதுதானே."